பாதமும் ஃபுட்டும் ஒரே வேர்தான்

மாரி தொடங்கினால் இரணைமடுக் குளம் 36 அடியைத் தொட்டுவிட்டதா, வான்கதவு திறப்பார்களா என்பதுதான் வன்னியில் பேச்சு. அந்த அடியைத்தான் ஆங்கிலத்தில் ஃபுட் என்கிறார்கள். இரண்டு மொழியிலும் நடக்கிற அடிதான் அளவுக்கும் பெயர். ஒரு அடி என்றால் 30.48 சென்ரிமீற்றர் என்று 1959 இல் பிரிட்டன், அமெரிக்கா முதலான நாடுகள் சேர்ந்து முடிவாக்கிவிட்டன, அளவைப் பற்றி இவ்வளவு போதும். அந்தச் சொல் வந்த வழிதான் பெரிய கதை.

ஃபுட்டும் பாதமும் ஒரே வேரில் முளைத்தவை. அடி, தாள், கால் எல்லாம் தமிழின் சொந்தச் சொற்கள், பாதம் மட்டும் வடமொழியில் இருந்து வந்தது. அந்த வடமொழி, கிரேக்கம், இலத்தீன், ஆங்கிலம் எல்லாம் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கதைக்கப்பட்ட ஒரு தாய்மொழியின் கிளைகள். இவற்றுக்கு ஒரே மூலம் இருக்கவேண்டும் என்று வடமொழி படித்த ஆங்கிலேய நீதிபதி வில்லியம் ஜோன்ஸ் 1786 இல் கல்கத்தாவில் சொன்னார்.

சரி, ப எப்படி ஃப ஆனது? உதட்டை முழுதாக மூடித் திறந்தால் ப. மூடாமல் காற்றை உரசவிட்டால் ஃப. ஆங்கிலத்துக்கு மூத்த ஜெர்மானிய மொழியைக் கதைத்தவர்களின் வாயில் இந்த மாற்றம் நடந்தது, அதுவும் ஒரு சொல்லில் மட்டும் அல்ல. பிதா அங்கே ஃபாதர். பாதத்தின் நடுவில் மென்மையாக ஒலிக்கும் த அங்கே ட் ஆகிறது, அதனால்தான் தசம் டென் ஆகவும் தந்தம் டூத் ஆகவும் நிற்கின்றன. நாங்கள் காசுக்குச் சொல்கிற சதம்கூட ஹண்ட்ரட்டுக்கு உறவு. டென்மார்க்கின் மொழியறிஞர் ராஸ்முஸ் ராஸ்க் 1818 இலும், தம்பியோடு சேர்ந்து நாட்டுக் கதைகள் தொகுத்த யாக்கோப் கிரிம் 1822 இலும் இதை ஒழுங்காக எழுதி வைத்தார்கள், இன்று கிரிம் விதி என்றே பெயர். எங்கள் மொழிக் குடும்பத்திலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. எங்கள் பால், பல், பத்து, புலி கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து, ஹுலி. ஒலி மாறும்போது வரிசையாக மாறுகிறது, அதனால்தான் எழுத்தில் பதியப்படாத காலத்துச் சொற்களைக்கூடத் தேடிப் பிடிக்க முடிகிறது, எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்தது இதுதான்.

அப்படியென்றால் சைக்கிள் பெடலில் ப ஏன் மாறவில்லை? இலத்தீன் வேரில் பிறந்த அந்தச் சொல்லை ஆங்கிலம் பிறகுதான் கடன் வாங்கியது, அதற்குள் ஒலிமாற்றம் ஓய்ந்துவிட்டது. நடந்து போகிறவருக்கு ஆங்கிலம் சொல்லும் பெடஸ்ட்ரியனும் அப்படித்தான், எங்கள் பாதசாரிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வேர் தெரியும். ஒக்டோபஸ் கிரேக்க வழியில் வந்தது, எட்டுப் பாதம் என்று பொருள். ஃபுட் ஒன்றுதான் வீட்டிலேயே வளர்ந்த பிள்ளை. ஆனால் வன்னியில் பிள்ளைகள் புட்போல் என்று சொல்லும்போது அந்த ஃப மறுபடி ப ஆகிவிடுகிறது!

கடைசியாக ஃபீட். பழைய ஜெர்மானியத்தில் பன்மைக்குச் சொல்லின் முடிவில் ஒரு இகரம் வந்தது. அதைச் சொல்லப் போகிற நாக்கு முன்கூட்டியே முன்னால் நகர்ந்ததால் நடுவில் இருந்த ஓ மெல்ல ஏ ஆனது, முடிவில் இருந்த இகரம் பிறகு உதிர்ந்துபோனாலும் ஏ தங்கிவிட்டது, பல நூற்றாண்டுகள் கழித்து அந்த ஏ ஈ ஆகி இன்றைய ஃபீட் வந்தது. டூத் டீத் ஆவதும் கூஸ் கீஸ் ஆவதும் இதே வழியில்தான்.