பாசி மேல் ஒரு ட்ரைபாட்

ஜப்பானுக்குப் படம் எடுக்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த லென்ஸ் எடுத்துப் போகலாம் என்று. கேமராவைத் தாங்கும் மூன்று கால் ட்ரைபாடை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்பேன். முகம் சுருங்கிவிடும்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. முதல் தடவை கியோட்டோ போனபோது ஒரு சிறிய கோயில் தோட்டத்தில், நடைபாதையில் இரண்டு கால், பாசி மேல் ஒரு கால் என ட்ரைபாடை நிறுத்திவிட்டுக் குனிந்து ஃபோகஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்தார். திட்டவில்லை. தலை வணங்கினார், அந்த ஒரு காலை மட்டும் மெல்லத் தூக்கிப் பாதையில் வைத்தார். பிறகு மண்டியிட்டு, குழி விழுந்த இடத்தை இரண்டு விரலால் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒதுக்கி ஒதுக்கி அழுத்தினார். ஐந்து ரூபாய்க் காசு அளவுதான் குழி. அதற்கு அவர் செலவழித்த நேரம், நான் அந்தக் காட்சிக்குச் செலவழித்ததைவிட அதிகம். படம் எடுக்காமலே வந்துவிட்டேன்.

பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. மெல்லிய இழைகளால் மண்ணைப் பற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். மிதித்தால் பெயர்ந்துவிடும், மறுபடி படர ஆண்டுக்கணக்காகும். ஏறக்குறைய 120 வகைப் பாசி படர்ந்த, கியோட்டோவின் சைஹோஜி கோயில், கூட்டம் தாங்காமல் 1977 முதல் முன்கூட்டியே விண்ணப்பித்தவர்களை மட்டும் உள்ளே விடுகிறது. செர்ரி மரத்துக்கும் இதே கதைதான். அதன் வேர்கள் மேலோட்டமாக ஓடுபவை, சுற்றிச் சுற்றி மிதித்தால் மண் இறுகிவிடும். பூங்கொத்தை முகத்தருகே இழுத்துப் பிடித்து செல்ஃபி எடுக்கிறார்களே, கிளை முறிந்தால் அந்தக் காயம் வழியாகவே மரம் அழுகத் தொடங்கும்.

நம்மால் ஒரு மரமே போன கதையும் உண்டு. ஹொக்கைடோவின் பியேய் ஊரில் வயல் நடுவே சாய்ந்து நின்றது ஒரு பாப்லார். 'தத்துவ மரம்' என்று பெயர் வைத்து உலகமே வந்து படம் எடுத்தது. நல்ல கோணத்துக்காகப் பயிருக்குள் இறங்கினார்கள். நிலத்துக்காரர் சொல்லிப் பார்த்தார், மரத்தில் பெருக்கல் குறிகூடப் போட்டுப் பார்த்தார். கேட்பாரில்லை. மரமும் வயதாகித் தளர்ந்திருந்தது. 2016 பிப்ரவரியில் வெட்டிச் சாய்த்துவிட்டார். அவர்மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை.

சரி, ட்ரைபாட் இல்லாமல் என்ன செய்வது? இன்றைய கேமராக்களில் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியுணர்திறனை, 1600 வரை ஏற்றுவது ஒரு விஷயமே இல்லை. கியோட்டோவின் ரியோஆன்ஜி கோயில் கற்தோட்டத்தில் திண்ணையில் உட்கார்ந்து முழங்காலில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள், கை ஆடாது. வெள்ளைச் சரளையைப் பார்த்துக் கேமரா ஏமாந்து படத்தைச் சாம்பலாக்கும், அதனால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்). அங்கே கற்கள் 15. எங்கே உட்கார்ந்தாலும் ஒன்று மறைந்திருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். இருந்தும் 15ஐயும் ஒரே ஃப்ரேமில் அடக்க வைட் லென்ஸோடு மல்லுக்கட்டுபவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்! மழை வந்தால் ஒதுங்காதீர்கள். பாசியும் ஜூன் மாத ஹைட்ரேஞ்சியாப் பூவும் நனைந்தால்தான் நிறம் காட்டும். இலை மேல் மினுங்கும் வெள்ளையை ஒரு போலரைசர் ஃபில்டர் எடுத்துவிடும்.

கியோட்டோவின் சன்ஜூசன்கென்டோ கோயிலில், கருணையின் போதிசத்துவரான கன்னோனின் 1,001 சிலைகள் வரிசையாக நிற்கும், படம் எடுக்கத் தடை. நம் ஊர்க் கருவறையில் கேட்க மாட்டோமே, அங்கேயும் கேட்க வேண்டாம். அதே ஊரின் கியோன் பகுதிச் சந்துகளில் பல தனியார் சொத்து. அங்கே படம் எடுத்தால் 10,000 யென் அபராதம் என்று 2019 முதல் பலகை தொங்குகிறது. கிமோனோப் பெண்ணைத் துரத்தியவர்கள் வாங்கித் தந்த பலகை அது.

அஸ்தமனத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது. டிசம்பரில் கியோட்டோவில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். பல கோயில்களும் அதையொட்டியே கதவடைத்துவிடும். ஆறு மணி நினைப்பில் காபி குடித்துக்கொண்டிருந்தால் போச்சு.

அஸ்தமனத்துக்கென்றே ஓரிடம் வேண்டுமென்றால் மட்சுயே நகருக்குப் போங்கள். ஷின்ஜி ஏரிக்கரையில் இருக்கும் ஷிமானே கலை அருங்காட்சியகத்தை மார்ச் முதல் செப்டம்பர் வரை, சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்துத்தான் மூடுவார்கள். வட்டம் தண்ணீருக்குள் இறங்கியதும் பாதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நீங்கள் இருங்கள். அதன் பிறகுதான் வானம் ஆரஞ்சிலிருந்து ஊதாவுக்குப் போகும், யோமெகஷிமா தீவின் பைன் மரங்கள் கறுப்பாகத் தனித்துத் தெரியும். நான் பையைத் தரையில் போட்டு, அதன் மேல் கேமராவை அழுத்தி வைத்து, இரண்டு விநாடி டைமரில் எடுப்பேன்.