நீர்வடிப்பகுதித் திட்டம்: மேட்டு நிலத்துக்காரர்கள் கேட்டுப் பெற வேண்டியவை

சொட்டுநீர்ப் பாசன மானியத்துக்கு விண்ணப்பிப்பது போல நீர்வடிப்பகுதித் திட்டத்துக்குத் தனி ஆளாக விண்ணப்பிக்க முடியாது. மழைநீர் ஒரே ஓடையில் வந்து சேரும் நிலப்பரப்பு முழுவதையும் ஓர் அலகாக எடுத்துக்கொண்டு வேலை நடக்கும். அந்த எல்லைக்குள் உங்கள் நிலம் இருந்தால் உங்களுக்கும் அதில் பங்கு உண்டு. நிலமே இல்லாமல் அங்கே குடியிருந்தாலும் பங்கு உண்டு. இந்த இரண்டாவது செய்திதான் பல ஊர்களில் காதில் விழுவதில்லை.

2009-10இல் ஒருங்கிணைந்த நீர்வடிப்பகுதி மேலாண்மைத் திட்டம் என்று தொடங்கியது, 2015-16 முதல் பிரதமரின் வேளாண் நீர்ப்பாசனத் திட்டத்தின் ஒரு கூறாக நடக்கிறது. மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் நிலவளத் துறை இதைக் கவனிக்கிறது. 2021-22 முதல் 2025-26 வரையிலான இரண்டாம் கட்டத்துக்கு 49.5 லட்சம் ஹெக்டேர் இலக்கும் மத்திய அரசின் பங்காக 8,134 கோடி ரூபாயும் ஒதுக்கப்பட்டன. பெரும்பாலான மாநிலங்களில் செலவு மத்திய, மாநில அரசுகளுக்கு இடையே 60:40 என்று பிரிகிறது. சமவெளியில் ஹெக்டேருக்கு 12,000 ரூபாயாக இருந்த தொகை இந்தக் கட்டத்தில் 22,000 ஆனது. மலைப்பாங்கான, கடினமான பகுதிகளுக்கு 28,000 வரை போகலாம். அருகருகே உள்ள சிறு நீர்வடிப்பகுதிகளைச் சேர்த்து 5,000 ஹெக்டேர் கொண்ட ஒரு தொகுப்பாக எடுத்தால், அதற்குச் சமவெளிக் கணக்கில் 11 கோடி ரூபாய். ஊர் கூடி உட்கார்ந்து கணக்குப் பார்க்கத் தக்க தொகைதான்.

வேலையின் வரிசை முக்கியம். உச்சியில் தொடங்கிப் பள்ளத்தில் முடிக்க வேண்டும் என்பது நெறி. ஒரு ஹெக்டேரில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். சரிவில் அது வேகம் பிடித்து மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடும். ஆகவே முதலில் குன்றின் சரிவில் ஒரே மட்டத்தில் குறுக்கே வெட்டும் சம உயர அகழிகள், ஓடைகளின் தலைப்பில் கல் தடுப்புகள். அடுத்து மானாவாரி நிலங்களில் சரிவுக்குக் குறுக்கே வரப்புகள், பண்ணைக்குட்டைகள். தேங்கும் நீரை நிலத்துக்குள் இறக்கும் கசிவுநீர்க் குட்டையும் தடுப்பணையும் கடைசியில். நடைமுறையில் இது தலைகீழாவது உண்டு. தடுப்பணை கண்ணுக்குத் தெரியும், கல்வெட்டு வைக்கலாம், திறப்பு விழா நடத்தலாம். காட்டோரத்து அகழிக்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்? மேலே வேலை நடக்காமல் கீழே அணை கட்டினால், அடித்து வரும் வண்டல் அதைச் சீக்கிரமே தூர்த்துவிடும். அதோடு, அணையால் நீர் ஊறுவது அருகில் கிணறு வைத்திருப்பவர்களுக்கு. மேட்டில் சோளமும் கேழ்வரகும் விதைப்பவருக்கு அதனால் ஒன்றுமில்லை.

நிலமற்றவர்களுக்கும் பெண்களுக்கும் என்றே வாழ்வாதார நிதி தனியாக உண்டு. ஆடு, கோழி, தேனீ வளர்ப்பு, தையல், சிறுகடை போன்றவற்றுக்குச் சுய உதவிக் குழுக்கள் வழியாகச் சுழல்நிதி தரப்படும்; குழு திருப்பிச் செலுத்தச் செலுத்த அது அடுத்தவருக்குப் போகும். ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். புறம்போக்கில் மரக்கன்று நட்டால் சில ஆண்டுகளுக்கு மேய்ச்சலைத் தடுப்பார்கள். வெள்ளாட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது நேரடி இழப்பு. எந்த இடத்தை எப்போது அடைப்பது, அடைத்திருக்கும் காலத்தில் ஆடுகள் எங்கே மேய்வது என்பதைக் கன்று நடுவதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். வேலி போட்ட பிறகு பேசுவதில் பயனில்லை.

முடிவெடுக்கும் இடம் கிராம சபையும் அது அமைக்கும் நீர்வடிப்பகுதிக் குழுவும். குழுவில் குறைந்தது 10 பேர் இருக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேர் சுய உதவிக் குழுவினர், பயனாளர் குழுவினர், பட்டியல் சாதி, பழங்குடியினர், பெண்கள், நிலமற்றோர் ஆகியோரின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்பது விதி. பெயர்ப்பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். நில உடைமையாளர்களாகவே பத்துப் பேரும் இருந்தால் சபையிலேயே எழுந்து சொல்லலாம்.

விவசாயி கவனிக்க வேண்டிய தாள் விரிவான திட்ட அறிக்கை. எந்த சர்வே எண்ணில் எந்த வேலை என்பது அதில் இருக்கும். உங்கள் எண் விட்டுப்போனால் பின்னால் சேர்ப்பது கடினம். சொந்த நிலத்தில் நடக்கும் மண், நீர்ப் பாதுகாப்பு வேலைக்கு நிலக்காரர் தர வேண்டிய பங்களிப்பும் உண்டு. 2008ஆம் ஆண்டின் பொது வழிகாட்டு நெறிமுறைகள் அதைக் குறைந்தது 10 சதவீதம் என்றும், சிறு, குறு விவசாயிகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 5 சதவீதம் என்றும் வகுத்தன. பணமாகவோ உழைப்பாகவோ தரலாம். இது யாருக்கும் கொடுக்கும் கமிஷன் அன்று. திட்டம் முடிந்த பின் பொது அமைப்புகளைப் பராமரிப்பதற்கான நிதியில் சேரும் பணம், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் இதைச் செயல்படுத்துவது தமிழ்நாடு நீர்வடிப்பகுதி மேம்பாட்டு முகமை. உங்கள் ஊர் எந்தத் தொகுப்பில் வருகிறது என்று வட்டார வேளாண்மை அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடுகிறது. போகும்போது பட்டா நகலையும், நிலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் அரித்து ஓடுகிறது என்று காட்டும் கைவரைபடத்தையும் எடுத்துச் செல்லுங்கள். கோரிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள்.