பாஸ்தா வடித்த தண்ணீரைக் கொட்டாதீர்கள்

தேவகோட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருந்தார்: "வீட்டில் பாஸ்தா செய்தால் எண்ணெய் தட்டில் தனியே தேங்குகிறது. கடையில் மட்டும் எப்படி ஒன்றாகப் பிடித்துக்கொள்கிறது?"

அவர் வடித்துக் கொட்டிய தண்ணீரில்தான் விடை இருக்கிறது.

செய்முறை சுலபம். ஆலிவ் எண்ணெயில் பூண்டை வதக்கி, கத்தரிக்காயும் தக்காளியும் போட்டுக் குழைய விடுங்கள். சிசிலித் தீவுக்காரர்களுக்கு இந்தச் சேர்க்கை உயிர். பேசில் இலைக்கு அலைய வேண்டாம்; நம் திருநீற்றுப்பச்சிலை அதே செடிதான். 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்பார்கள். நான் அரை லிட்டர்தான் வைப்பேன்.

பாஸ்தா என்பது டியூரம் என்னும் கெட்டிக் கோதுமையின் ரவையைப் பிசைந்து, அச்சில் பிழிந்து, உலர்த்தியது. அதிலுள்ள குளூட்டன் புரதம் வலைபோலப் பின்னி, மாவுச்சத்து மணிகளைப் பிடித்து வைத்திருக்கிறது. சூடு 60 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் மணிகள் நீரைக் குடித்து உப்பத் தொடங்கும். மேற்பரப்பில் இருப்பவை அமைலோஸ் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைத் தண்ணீரில் அவிழ்த்து விடும். தண்ணீர் வெளுத்துக் கலங்கும். என் அப்பத்தா கண்டாங்கிச் சேலைக்குப் போட எடுத்து வைக்கும் சோற்றுக் கஞ்சியிலும் இந்த அமைலோஸ்தான். அங்கே அது நூலின்மேல் படலமாகக் காய்ந்து சேலையை விறைப்பாக்கும்.

வெறும் தண்ணீரில் எண்ணெயைக் கலக்கினால் துளித்துளியாகும். சற்று விட்டால் துளிகள் முட்டி, ஒன்றாகி, மேலே வந்துவிடும். கஞ்சித் தண்ணீரில் அது நடப்பதில்லை. கொழகொழப்பில் துளியால் எளிதாக நகர முடியாது. மாவுச்சத்தும், கூடவே கரைந்து வந்த கொஞ்சம் புரதமும் துளிகளைச் சேரவிடாது. காய் வதங்கிய வாணலியில் பாஸ்தாவோடு ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றி வேகமாகக் கிளறுங்கள். பளபளத்த எண்ணெய் சட்டென மங்கிப் பால்போல ஆகும். அந்த நொடியைப் பார்ப்பதற்காகவே நான் அடிக்கடி பாஸ்தா செய்கிறேன். கோடிக்கணக்கான நுண்துளிகள் ஒளியைச் சிதறடிக்கும் வெண்மை அது. பால் வெளுப்பாக இருப்பதற்கும் இதேபோன்ற காரணம்தான். இத்தாலியர்கள் இந்தக் கடைசிக் கிளறலுக்கு மாந்தெக்கத்தூரா என்று பெயரே வைத்திருக்கிறார்கள். தண்ணீரைக் குறைத்தால் கஞ்சி அடர்த்தியாகும், அதனால்தான் அரை லிட்டர்.

காச்சோ எ பேப்பே என்ற பாலாடைக்கட்டி, மிளகுப் பாஸ்தாவில் சாஸ் ஏன் திரிகிறது என்று ஆராய்ந்த இயற்பியலாளர்களுக்கு 2025-இல் இக் நோபல் பரிசு கிடைத்தது; முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் வேடிக்கைப் பரிசு அது. பாலாடைக்கட்டியின் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து இருந்தால் திரியாது என்று கண்டார்கள். இதற்கெல்லாமா பணம் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வி கோபமூட்டும். ஐஸ்கிரீமும் முகத்தில் பூசும் க்ரீமும் துளிகள் பிரியாமல் இருப்பதை நம்பித்தான் நிற்கின்றன. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் காரைக்குடிக்கு மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. இந்த மண்ணில் நின்றுகொண்டு ஆராய்ச்சிச் செலவை வீண் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கொதிக்கும் நீரில் எண்ணெய் ஊற்றினால் பாஸ்தா ஒட்டாது என்பது வெறும் நம்பிக்கை. எண்ணெய் மேலே மிதக்கும், பாஸ்தா கீழே வேகும். முதல் இரண்டு நிமிடம் கிளறிவிட்டாலே போதும்.

மறந்துபோய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டீர்களா? மத்தியானம் வடித்த சோற்றுக் கஞ்சி இருந்தால் அரைக் கரண்டி ஊற்றுங்கள். நான் செய்து பார்த்திருக்கிறேன், எண்ணெய் பிரியவில்லை.