கண்டல்: மரமா, காடா?

கம்பஸில் படிக்கிற என் மருமகள் போன கிழமை வெள்ளவத்தை வீட்டுக்கு இரண்டு தாளோடு வந்தாள். மன்னார்க் கரையோர மரங்களை எண்ணுகிற ஆய்வு அவளுடையது. ஊர்ச்சனங்களுக்குக் கொடுக்கத் தமிழில் ஒரு சுருக்கம் எழுதியிருந்தாள். தலைப்பு, ‘வறண்ட கரையோரச் சதுப்புநிலக் காடுகளின் குடித்தொகை’. “மாமா, தமிழ் சரியோ எண்டு பாருங்கோ” என்றாள். என் பேனை தலைப்பைத் தாண்டவில்லை.

முதலில் மாங்குரோவ், கடலோர உவர்நீரில் வளர்கிற மரம். அதன் காட்டைத்தான் அவள் சதுப்புநிலக் காடு என்று எழுதியிருந்தாள். அமெரிக்கப் பழங்குடிச் சொல் ஒன்றைப் போர்த்துக்கேயர் ‘மங்கே’ என்று எடுத்தார்கள், ஆங்கிலத்தில் அது தோப்பைக் குறிக்கும் ‘குரோவ்’ சாயலில் திரிந்தது என்பார்கள். அதனாலோ என்னவோ, மரத்துக்கும் அதே பெயர், காட்டுக்கும் அதே பெயர். 1968இல் மக்னே என்ற ஆய்வாளர் காட்டுக்கு மட்டும் ‘மங்கல்’ என்று சொல்லிப் பார்த்தார், பெரிதாகப் பரவவில்லை. நமக்கு அந்தத் தொல்லையே இல்லை. மரம் கண்டல், கூட்டமாக நின்றால் கண்டற்காடு.

பழைய சொல்தான். சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் கழியோரமாகக் ‘கண்டல் வேலி’ நிற்கிறது. (அகராதியில் கண்டலுக்குத் தாழை என்றும் பொருள் போட்டிருக்கும், கவனம்.) மலையாளத்திலும் கண்டல்தான். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தரான வான் ரீட் மலபார்ச் செடிகளைத் தொகுத்தபோது அங்கத்தையச் சனங்களின் சொல்லை அப்படியே எழுதிவைத்தார். அதிலிருந்து வந்ததுதான் கண்டல் வகை ஒன்றின் ‘கண்டேலியா’ என்ற அறிவியல் பெயர். சிங்களவர் சொல்லும் ‘கடோல்’ கூடக் காதுக்குச் சொந்தக்காரச் சொல் போலத்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் அலையாத்தி என்பார்கள். முத்துப்பேட்டைக் காட்டுக்கு அதுதான் பெயர். அலையை ஆற்றுவது அலையாத்தி, அழகான சொல். ஆனால் அது காடு செய்கிற வேலையைச் சொல்கிறது, எந்த மரம் என்று சொல்லாது. எண்ணப் போகிறவளுக்கு அது போதாது.

சதுப்புநிலக் காடு என்பதை நான் வெட்டியே விட்டேன். கொழும்பில் இருந்துகொண்டு சதுப்பு என்றால் முத்துராஜவெல ஈரநிலம்தான் ஞாபகம் வரும். மன்னாரில் வருடத்தின் பெரும்பகுதி மழை கிடையாது. வெயிலில் மண்மேல் உப்புப் பூத்துக் கிடக்கும். அந்த உப்பிலும் நிற்கிற மரம் அவிசீனியா மரினா, தமிழில் வெண்கண்டல் அல்லது கண்ணா. செங்கடலிலும் பாரசீக வளைகுடாவிலும் பாலைவனத்தை ஒட்டி நிற்பதும் இதே மரம்தான். மருமகள் கொப்பிக்குள் ஓர் இலை வைத்திருந்தாள். மேலே பச்சை, கீழே சாம்பல் வெள்ளை. “நக்கிப் பாருங்கோ” என்றாள். நல்ல உப்பு. வேருக்குத் தப்பி உள்ளே வந்த உப்பை இலை வெளியே தள்ளிவிடுகிறது.

அப்புறம் குடித்தொகை. இலங்கைப் பாடப்புத்தகத்துச் சொல், எனக்குப் பிடித்த சொல். ஓரிடத்தில் வாழும் ஓரினத்து உயிர்களைத்தான் அது குறிக்கும். கண்டற்காட்டில் கண்ணா உண்டு, தாங்குவேர் ஊன்றி நிற்கும் ரைசோபோரா உண்டு, பால் பட்டால் கண்ணைக் கெடுக்கும் தில்லையும் இருக்கலாம். ஆகவே ‘காட்டின் குடித்தொகை’ என்பது பிழை, இனத்துக்கு ஒரு கணக்கு வேண்டும். அதிலும் முளை, கன்று, வளர்ந்த மரம் என்று பிரித்து எண்ணுவார்கள். பெரிய மரங்கள் நிறைய நின்றும் கன்று இல்லையென்றால் அந்தக் குடி தழைக்கவில்லை என்று அர்த்தம். வழக்கமாக 1.3 மீற்றர் உயரத்தில் அடிமரச் சுற்றளவை எடுப்பார்கள். வறண்ட கரையில் பல மரங்கள் புதராக நிற்பதால் அவள் குனிந்து, இன்னும் கீழேதான் நாடாவைப் பிடித்தாளாம்.

இது வெறும் சொல் பிடிவாதம் இல்லை. சுனாமிக்குப் பிறகு இங்கே கண்டல் நடுகை என்று பல இடங்களில் ரைசோபோராக் கன்றுகளை, கடல்நீர் ஏறுகிற மட்டம் ஒத்துவராத இடத்திலும்கூட, நட்டார்கள். 23 நடுகை இடங்களைப் பார்த்த ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. அதில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. எல்லாமே ‘கண்டல்’ என்று ஒரு பெயருக்குள் போனால் எந்த மரம், எந்த இடம் என்ற கேள்வியே எழாது.

கடைசியில் ‘மன்னார்க் கரையோரக் கண்ணா மரக் குடித்தொகை’ என்று எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டுச் சிரித்தாள். “மாமா, தோணிக்காரர் முதல் நாளே கண்ணா எண்டுதான் சொன்னவை. நான்தான் அதைப் புத்தகத் தமிழாக்கினனான்.”