கிள்ளான் ஆறு நிலத்தைச் செதுக்கும் விதம்

கோலாலம்பூரில் மஸ்ஜிட் ஜாமெக் பள்ளிவாசலை ஒட்டிக் கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுமிடத்தில், பெருமழை பெய்து ஓய்ந்தபின் நீர் காவி நிறத்தில் ஓடும். அந்நிறத்தைத் தருவது நீரில் மிதந்து வரும் மண். அம்மண்ணின் மூலமோ தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கல்.

தெளிந்த நீர் கருங்கல்லை எளிதில் அறுப்பதில்லை. முதல் வேலையை மழையே செய்கிறது. கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகப் பாறை இடுக்குகளில் இறங்கும் நீர், கருங்கல்லிலுள்ள பெல்ஸ்பார் என்னும் கனிமத்தைக் களிமண்ணாக மாற்றுகிறது. அதனோடு சேர்ந்திருந்த குவார்ட்ஸ் படிகங்கள் மாறாமல் மணலாக உதிர்கின்றன. வெப்பமும் மழையும் ஆண்டு முழுவதும் நீடிக்கும் நம் மலேசியாவில் இச்சிதைவு பல மீட்டர் ஆழம் வரை சென்றிருப்பதால், ஆறுகளுக்குச் சுமை என்றும் குறைவதில்லை.

சுமையே ஆற்றின் கருவி. உருண்டும் துள்ளியும் செல்லும் கற்களும் மணலும் படுகையை மோதித் தேய்க்கின்றன. நீரின் வேகம் இரு மடங்கானால் அது நகர்த்தக்கூடிய கல்லின் எடை ஏறத்தாழ 64 மடங்காகும் என்பது ஆற்றியலில் நெடுங்காலமாக வழங்கும் கணக்கு. எனவே, மாதக்கணக்கில் அமைதியாக ஓடும் ஆறு செய்யாத வேலையை ஒரே நாள் வெள்ளம் செய்து முடிக்கலாம். களிமண்ணின் இயல்பு வேறு. அதன் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதால் மணலைவிட அதைப் பெயர்ப்பது கடினம். பெயர்ந்துவிட்டாலோ மிக மெதுவான ஓட்டத்திலும் படியாமல் மிதக்கும்.

கோலாலம்பூர் பிறந்ததற்கே, ஆறு தன் சுமையை இவ்வாறு வகைவகையாகப் பிரித்துப் போடும் தரம்பிரிப்புதான் காரணம் என்பது என் கருத்து. வெள்ளீயத் தாதுவான காசிட்டரைட் நீரைவிட ஏறக்குறைய 7 மடங்கு அடர்த்தி கொண்டது. குவார்ட்ஸ் மணலின் அடர்த்தி 2.65 மடங்குதான். மலையிலிருந்து இறங்கும் ஆறு சமவெளியில் வேகம் தளரும்போது, முறத்தில் புடைக்கையில் மணி தங்கிப் பதர் பறப்பதுபோல், தாது சரளைக் கற்களிடையே தங்கியது, இலேசான மணலும் களிமண்ணும் கடந்து சென்றன. நீண்ட நெடுங்காலம் இவ்வாறு சேர்ந்த படிவுகளைத் தேடியே 1857-இல் சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் கிள்ளானிலிருந்து படகேறி இக்கூடுதுறையில் இறங்கி அம்பாங்கிற்குச் சென்றனர். பின்னர்ச் சுரங்கங்கள் கழுவிவிட்ட மண் ஆற்றுப் படுகைகளை மேடாக்கி வெள்ளத்தை மோசமாக்கியது. ஆறு அளித்த செல்வத்தை எடுத்தவர்கள் அதன் வழியையே அடைத்தது வருந்தத்தக்கது.

எல்லாப் பாறையும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. நகரின் வடகிழக்கே நீண்டு நிற்கும் குவார்ட்ஸ் முகட்டைக் கிள்ளான் ஆறு குறுக்கே பிளந்து வெளிவருகிறது. 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட கிள்ளான் கேட்ஸ் அணை அந்த இடைவெளியில்தான் நிற்கிறது. இத்தகைய பிளவுகளுக்குப் புவியியலார் தரும் பொதுவான விளக்கம் இது: ஆறு முன்பே அவ்வழியே ஓடிக்கொண்டிருந்தது, சுற்றியிருந்த மென்மையான பாறை தேய்ந்து தாழ்ந்தபோது முகடு வெளிப்பட்டது, ஆறோ தன் பழைய தடத்திலேயே கீழ்நோக்கி அறுத்தது. தைப்பூசத்தில் காவடி எடுப்போர் நீராடும் ஆற்றின் அருகே எழும் பத்துமலை சுண்ணாம்புப் பாறை. அதில் நீர் உராய்வதைவிடக் கரைப்பதே அதிகம், குகைகளும் அவ்வாறு உண்டானவையே.

நகரத்திற்குள் கான்கிரீட் கரைகளிடையே ஆறு பக்கவாட்டில் வளைய இயலாமல் விரைகிறது. மழைநீரை உறிஞ்ச மண்ணும் இல்லாததால் வெள்ளம் சட்டென்று உயர்கிறது. 1971 வெள்ளத்தைக் கண்ட நகரம் 2007-இல் வெள்ளநீரைத் திருப்பிவிடும் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கத்தைத் திறந்தது. கட்டுமான நிலங்களில் மரங்களை வெட்டி மண்ணைத் திறந்து போடும் வழக்கம் தொடரும் வரை ஆற்றைத் தூர்வாருவது முடிவில்லாத வேலையாகவே இருக்கும்.

இத்தனையும் கடந்து மலாக்கா நீரிணையை அடையும் களிமண், உப்புநீரைத் தொட்டதும் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு கனத்துப் படிகிறது. அந்தச் சேற்றைச் சதுப்புநிலக் காடுகளின் வேர்கள் பிடித்துக்கொள்ள, கெத்தாம் தீவை அடுத்த கழிமுகத்தில் புதிய நிலம் உருவாகிறது.