ஃபிரெயில்டி – நொய்மை: சொல் விளக்கம்

முதியவர்களின் இதயநோய் பற்றிப் பேசும்போது மருத்துவர்கள் இப்போது அடிக்கடி எடுக்கும் சொல் ஃபிரெயில்டி. உடம்பின் கையிருப்பு வற்றி, சின்ன இடிக்கே ஆள் சரிந்துவிடும் நிலை இது. ஒரு மூத்திரத் தொற்று, புதிதாகச் சேர்த்த ஒரு பிரஷர் மாத்திரை போதும். நேற்றுவரை தானே குளித்தவர் இன்று படுத்த படுக்கை. எண்பதைத் தாண்டியும் இது அண்டாதவர்கள் இருக்கிறார்கள். அறுபத்தைந்திலேயே பிடிக்கிறவர்களும் உண்டு.

வேர் லத்தீன். உடைத்தலைக் குறிக்கும் ஃபிராங்கெரே, அதிலிருந்து ஃபிராகிலிஸ், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலம். பார்சல் பெட்டியில் ஒட்டும் ஃபிரஜைலும் இதன் உடன்பிறப்புதான். ஆங்கிலத்தில் முதலில் ஒழுக்கத்தில் வழுக்கும் மனத்தைக் குறித்த சொல், உடம்புக்கு வந்தது பிறகு. 2001இல் அமெரிக்க முதியோர் மருத்துவர் லிண்டா ஃபிரைடும் குழுவினரும் இதற்கு அளக்கக்கூடிய இலக்கணம் தந்தார்கள்: தானாக எடை குறைதல், ஓயாத களைப்பு, கைப்பிடி வலு குறைதல், நடை மந்தமாதல், நடமாட்டம் சுருங்குதல். மூன்று இருந்தால் ஃபிரெயில்டி. ஒன்றோ இரண்டோ என்றால் அதன் முன்நிலை.

தமிழில் பலவீனம் என்று எழுதிவிடுகிறார்கள். காய்ச்சலில் கிடந்து எழுந்த இளவட்டத்துக்கும் பலவீனம்தானே? தள்ளாமை நல்ல சொல், ஆனால் ‘தள்ளாத வயசு’ என்று வயதோடு ஒட்டிக்கிடக்கிறது. குமரி மாவட்டத்தில் கேட்டால் வேறு பதில் வரும்.

“என்ன செய்யுது பாட்டி?”

“ஒண்ணுமில்ல மக்ளே, வய்யா.”

வய்யா என்றால் முடியவில்லை. மலையாளத்தோடு பங்குபோட்ட இந்தச் சொல்லுக்குள், இதயம் போதிய ரத்தத்தைத் தள்ள முடியாமல் போகும் இதயச் செயலிழப்பின் களைப்பும் இருக்கும், ஃபிரெயில்டியின் களைப்பும் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை. வீட்டார் ‘வயசாச்சுல்லா’ என்று முடித்துவிடுவார்கள்.

என் ஓட்டு நொய்மைக்கு. அரிசி உடைந்தால் நொய்; லத்தீன் வேரில் இருக்கும் உடைதல் இதிலும் இருக்கிறது. வயதைச் சுமக்கவில்லை. நொய்ம்மை என்றும் எழுதலாம். மருத்துவக் குறிப்பில் நொய்மை, வீட்டாரிடம் விளக்கும்போது தள்ளாமை என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

நொய்மை பெண்களிடம்தான் கூடுதல். ஆனால் அதே அளவு நொய்மையுள்ள ஆணைவிடப் பெண் அதிக காலம் வாழ்கிறாள். இந்தப் புதிருக்கு முழு விடை கிடைக்கவில்லை. பெண்ணுக்கு இளமையிலிருந்தே தசை குறைவு. மாதவிடாய் நின்றபின் எலும்பும் தேய்கிறது. ஆளைக் கொல்லாமல் முடக்கிப்போடும் மூட்டுவாதம் போன்றவை அவளிடம் அதிகம். இதயம் சுருங்கும் வலு குறையாமலே வரும் செயலிழப்பும் முதிய பெண்களிடம் மிகுதி. அங்கே நொய்மை கூடவே நிற்கும்.

பெண்ணுக்குத் தசை குறைவு என்பதால்தான் ஃபிரைடின் அளவுகோலில் கைப்பிடிக்கு ஆண், பெண் தனித்தனி வரம்பு: உடல்பருமனைப் பொறுத்து ஆணுக்கு 29 முதல் 32 கிலோ, பெண்ணுக்கு 17 முதல் 21. பிடி இந்த வரம்பைத் தாண்டாவிட்டால் வலு குறைவு என்று கணக்கு. இவை அமெரிக்க முதியவர்களை அளந்து வகுத்தவை. நம்மூர்ப் பாட்டிகளுக்கு அப்படியே பொருத்துவது சரியல்ல என்பேன். முந்திரி ஆலையில் காலமெல்லாம் கொட்டை உடைத்த கை இந்தச் சோதனையில் தேறிவிடலாம். நடை காட்டிக்கொடுக்கும். இதய அறுவைக்கு வரும் முதியவர் ஐந்து மீட்டர் நடக்க 6 விநாடிக்கு மேல் எடுத்தால் ஆபத்து கூடுதல் என்று 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மெதுவாக நடந்த பெண்களுக்கு அது இன்னும் கூடுதல். இந்தச் சோதனைக்கு ஒரு வராந்தாவும் கைக்கடிகாரமும் போதும். புரதச் சாப்பாடும் தசைக்கான பயிற்சியும் நொய்மையை ஓரளவு பின்னுக்குத் தள்ளும். ஆனால் இதயநோய்க்குப் பிந்தைய பயிற்சித் திட்டங்களுக்கு ஆண்களை அனுப்புகிற அளவுக்குப் பெண்களை அனுப்புவதில்லை.