மேசை மேல் ஓடும் ரயிலில் எவையெல்லாம் சுருங்குவதில்லை?

நம் எக்ஸ்பிரஸ் ரயில்களை இழுக்கும் டபிள்யூஏபி-7 மின்சார இன்ஜினின் எடை 123 டன். அதை எச்ஓ என்ற மாடல் ரயில் அளவுக்கு, அதாவது எல்லாப் பக்கமும் 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால், இருபதரை மீட்டர் நீளம் சுமார் 23.5 செ.மீ. ஆகிவிடும். எடையோ 87 மடங்கோடு நிற்காது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து குறைவதால் ஆறரை லட்சம் மடங்கு குறைந்து 187 கிராமுக்கு இறங்கிவிடும். அந்த எடையில் பத்துப் பெட்டிகளை இழுக்கப் போனால் சக்கரம் வழுக்கும். தண்டவாளத்திலிருந்து சக்கரத்துக்கு மின்சாரமும் விட்டுவிட்டுத்தான் ஏறும். அதனால்தான் நல்ல மாடல்களில் வார்ப்பு உலோக அடிச்சட்டம் வைத்து 350, 400 கிராம் வரை எடையேற்றுகிறார்கள்.

ஓட்டத்தின் வேகத்திலும் இதே கதைதான். நிஜ ரயில் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் வெகுதூரம் உருளும். மாடலில் உராய்வு மட்டும் மிஞ்சி, உந்தம் காணாமல் போகிறது. மின்சாரம் நின்ற கணத்திலேயே இன்ஜின் விறைத்து நிற்கும். இதைச் சமாளிக்கத்தான் மோட்டாரின் தண்டில் சிறிய பித்தளைச் சுழல்சக்கரங்களைப் பொருத்துகிறார்கள். 40 கி.மீ. வேகத்தில் நிலையத்துக்குள் நுழையும் ரயில் எச்ஓ அளவில் விநாடிக்கு 12.8 செ.மீ. நகர வேண்டும்; ஒரு மீட்டரைக் கடக்க எட்டு விநாடி. அந்த வேகத்தில் ஒரு துடிப்பும் இல்லாமல் ரயில் பிளாட்பாரத்தை ஒட்டி ஊர்ந்து வருவதைப் பார்ப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் உச்ச இன்பம். கீழே சொல்லும் வேலைகள் எல்லாம் அதற்காகத்தான்.

எச்ஓ என்பது 1:87 அளவு. இதில் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ.; அது 1,435 மி.மீ. ஸ்டாண்டர்டு கேஜின் சுருக்கம். இந்திய அகலப்பாதை 1,676 மி.மீ. என்பதால் நியாயமாக 19.3 மி.மீ. வேண்டும். அதற்குத் தண்டவாளத்தை நாமேதான் செய்துகொள்ள வேண்டியிருக்கும், ஆகவே 16.5-லேயே ஓட்டுவது வழக்கம். சென்னை மெட்ரோ ஸ்டாண்டர்டு கேஜில் ஓடுவதால் கச்சிதமாகப் பொருந்தும். மீட்டர் கேஜில் ஓடும் நீலகிரி மலை ரயிலுக்கு 12 மி.மீ. தண்டவாளம் இருக்கிறது. இடம் குறைவென்று 1:160 அளவுக்கு, அதாவது 9 மி.மீ. பாதைக்கு, போகலாம், ஆனால் எடை இன்னும் குறைவதால் மின்தொடர்புத் தொல்லை கூடும். முதல் முறை செய்கிறவர்களுக்கு எச்ஓவே நல்லது.

எல்லாரும் முதலில் சறுக்குவது வளைவில். நிஜத்தில் 2 டிகிரி வளைவின் ஆரம் 875 மீட்டர்; சுருக்கினாலும் 10 மீட்டர். எந்த வீட்டில் அதற்கு இடம் இருக்கிறது? எனவே 45 செ.மீ. ஆரத்தில் மடக்குகிறோம், நீளமான பெட்டிகள் அதில் திணறுகின்றன. சென்னை ஐசிஎஃப் ஆலை வகைப் பெட்டி எச்ஓவில் 24.5 செ.மீ.; அதன் அடியில் உள்ள இரு போகிகளின், அதாவது சக்கரத் தொகுதிகளின், மையங்களுக்கு நடுவே 170 மி.மீ. இந்தத் தூரத்தின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால், பெட்டியின் நடுப்பகுதி பாதையின் மையத்திலிருந்து எவ்வளவு உள்ளே ஒதுங்கும் என்று தெரியும். 450 மி.மீ. ஆரத்தில் 8 மி.மீ.; 750-இல் 5 மி.மீ.கூட இல்லை. முனைகளோ வெளிப்பக்கம் துருத்தும். பெட்டியின் நீளத்தைப் போல மூன்று மடங்காவது ஆரம் வையுங்கள். இரட்டைப் பாதையானால் ஆணி அடிப்பதற்கு முன் இரண்டு நீளமான பெட்டிகளை வளைவில் அருகருகே நிறுத்தி, உரசுகிறதா என்று பாருங்கள்.

ஏற்றம் இரண்டு சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு பாதையின் மேல் இன்னொன்று தாண்டிப்போக 8 செ.மீ. உயரம் தேவை, இரண்டு சதவீதத்தில் அதற்கு 4 மீட்டர் ஓட்டம் வேண்டும். இன்ஜினின் இழுவிசை தோராயமாக அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. 400 கிராம் இன்ஜின் 80 கிராம் விசையோடு இழுக்கும். 165 கிராம் பெட்டி சமதளத்தில் 5 கிராம் அளவுக்கு எதிர்ப்புக் காட்டினால், ஏற்றத்தில் அதோடு 3.3 கிராம் சேரும். இன்ஜினே தன் எடையைத் தூக்க 8 கிராம் செலவழிக்க வேண்டும். சமதளத்தில் 16 பெட்டி இழுத்தது ஏற்றத்தில் எட்டோடு நின்றுவிடுவது இதனால்தான்.

இனி மின்சாரம். தகராறுகளில் பெரும்பங்கு இங்கேதான். எளிய டிசி முறையில் இரு தண்டவாளங்களுக்கும் அதிகபட்சம் 12 வோல்ட் கொடுக்கிறோம். மின்னழுத்தம் வேகத்தையும், துருவம் திசையையும் தீர்மானிக்கும். இன்ஜினைத் தூக்கித் திருப்பி வைத்தாலும் அது மேசையில் முன்பு போன திசையிலேயே போகும். திருப்பும்போது வலது சக்கரம் மற்றத் தண்டவாளத்துக்கு மாறுவதால் மோட்டாருக்கும் துருவம் மாறிவிடுகிறது.

டிசிசி எனப்படும் டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையில் தண்டவாளத்தில் எப்போதும் 14, 15 வோல்ட் இருக்கும். துருவம் விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை புரண்டுகொண்டே இருக்கும். 58 மைக்ரோவிநாடிக்கு ஒருமுறை புரண்டால் 1, நூறும் அதற்கு மேலும் ஆனால் 0. இந்த 1, 0 வரிசையில் இன்ஜினின் எண், கட்டளை, சரிபார்ப்பு பைட் மூன்றும் சேர்ந்து ஒரு பொதி. முதல் இரண்டோடு சரிபார்ப்பு பைட் பொருந்தாவிட்டால் இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் அந்தப் பொதியைத் தள்ளிவிட்டு அடுத்ததுக்குக் காத்திருக்கும். ஒவ்வொரு டிகோடரும் தன் எண் உள்ள பொதிக்கு மட்டுமே கீழ்ப்படியும். ஒரே பாதையில் நான்கு இன்ஜின்கள் நான்கு விதமாக ஓடுவது இப்படித்தான்.

தண்டவாளம் செய்யும் நிக்கல் சில்வர் என்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. வெள்ளி துளியும் இல்லை. செம்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல் மின்தடை கொண்டது. இணைப்புத் தகடுகளும் நாளடைவில் தளர்ந்து கறுக்கும். எனவே தகட்டை நம்பாமல், மேசைக்கு அடியில் 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரை ஓடவிட்டு, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் 15 செ.மீ.க்கு மிகாத சிறு ஒயரைச் சால்டர் செய்யுங்கள். பிறகு பாதையின் ஒவ்வொரு மூலையிலும் இரு தண்டவாளங்களையும் தொடும்படி ஒரு நாணயத்தை வையுங்கள். மின்சாரம் உடனே துண்டாக வேண்டும். ஆகாவிட்டால், அந்த இடத்தில் ஷார்ட் ஏற்படும்போது 15 வோல்ட், 5 ஆம்பியர், ஆக 75 வாட் வெப்பம் வரை பாய்ந்துகொண்டே இருக்கும். சாதாரண சால்டரிங் இரும்பே 25 வாட்தான். பிளாஸ்டிக் போகி உருகுவதற்கு வேறு காரணம் வேண்டாம்.

பலரைக் குழப்புவது திரும்பு வளையம். ரயில் ஒரு சுற்றுச் சுற்றி வந்த வழியே திரும்பும்படி பாதை போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். இடது தண்டவாளத்தை விரலால் தொடர்ந்துகொண்டே போனால், வளையத்தைச் சுற்றி வந்து வலது தண்டவாளத்தில் முட்டும். பிளஸும் மைனஸும் அங்கே சேர்ந்துவிடுகின்றன. வளையத்தின் இரு முனைகளிலும், இரு தண்டவாளங்களையுமே வெட்டிப் பிளாஸ்டிக் இணைப்பு போடுவதுதான் வழி. பிரித்த பகுதி உங்களிடம் உள்ள மிக நீண்ட ரயிலைவிட நீளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உலோகச் சக்கரங்கள் ஒரே நேரத்தில் இரு வெட்டுகளையும் இணைத்து மறுபடி ஷார்ட் ஆகும். டிசிசியில் தானியங்கித் துருவமாற்றி இதைப் பார்த்துக்கொள்ளும்: சக்கரம் வெட்டைத் தொட்டதும் ஷார்ட்டை உணர்ந்து, சில மில்லிவிநாடிகளில் துருவத்தைப் புரட்டிவிடும். டிசியில் ரயிலை வளையத்துக்குள் நிறுத்தி, வெளிப்பாதையின் துருவத்தைச் சுவிட்சால் மாற்றிவிட்டு நகர்த்த வேண்டும். மார்க்லின் நிறுவனத்தின் எச்ஓ பாதையில் இந்தச் சிக்கலே எழாது. அதில் இரு தண்டவாளங்களும் ஒரே துருவம். நடுவில் உள்ள சிறு குமிழ்கள்தான் மறு துருவம்.

பாதை இரண்டாகப் பிரியும் பாயிண்ட்டில் இரு தண்டவாளங்கள் குறுக்கிடும் முனையிலும் இதே மோதல் உண்டு. மலிவான பாயிண்ட்களில் அந்த முனை பிளாஸ்டிக். நான்கே சக்கரமுள்ள குட்டி இன்ஜின் மெதுவாக வந்தால் அங்கே செத்து நிற்கும். உலோக முனை வாங்கி, பாயிண்ட் மாறும்போது முனையின் துருவமும் மாறும்படி சுவிட்ச் கொடுப்பதே நிரந்தரத் தீர்வு.

அழுக்கைத் துடைக்க உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். அது போடும் கீறல்களில் கறுப்புப் படிவு இன்னும் வேகமாக உட்காரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும். பிளாஸ்டிக் சக்கரங்களைக் கழற்றி உலோகச் சக்கரம் மாற்றினால் அழுக்கு பரவுவதும் குறையும்.

அடிப்பலகைக்கு ஈரம் தாங்கும் 12 மி.மீ. பிளைவுட் எடுங்கள், மழைக்காலத்தில் சாதாரணப் பலகை உப்பிப் பாதையைக் கோணலாக்கும். மலைக்குத் தெர்மாகோல் நல்லது, ஆனால் கரைப்பான் கலந்த ரப்பர் பசை அதைத் தின்றுவிடும். வெள்ளைப் பெவிகாலே சரி. ஜல்லி ஒட்டுவது கடைசி வேலை. சலித்த கல்தூளைத் தூரிகையால் பரப்பி, ஒரு பங்கு பெவிகாலுக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்துச் சொட்டு மருந்துக் குழாயால் விடுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டுச் சேர்த்தால் நீரின் பரப்பு இழுவிசை உடைந்து பசை கல்லுக்குள் இறங்கும். இல்லாவிட்டால் உருண்டையாகத் திரண்டு கல்லையே நகர்த்திவிடும். பாயிண்ட்டின் நகரும் நாக்குகள் பக்கம் பசையைக் கொண்டுபோகாதீர்கள். ஒரு நாள் காயவிட்டு, தண்டவாளத்தின் தலையைத் துடைத்துவிட்டு, ஒற்றை இன்ஜினை இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். அது தயங்கும் இடத்தில் பசை படிந்திருக்கும்.